எனக்காக அடித்த விசில்

போன சனிக்கிழமை காலை பத்து மணி போல கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துப் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். ஒரு கையில் கத்தரிக்காய்ப் பை, மற்றக் கையில் பாண் ரொட்டி. புறப்பட்டுப் போன பஸ்ஸை நிறுத்துவதற்காக யாரோ ஒருவர் இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார். அவ்வளவுதான்! எனக்கு இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி மணத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையும் இல்லை. டீசல் புகைதான் இருந்தது. அந்தப் புகைக்குள்ளே இஞ்சி மணம்! என் கை தானாக உயர்ந்து சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. பாண் கீழே விழுந்தது.

விசிலுக்கும் இஞ்சிக்கும் சட்டைப் பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன். நேரில் என்றால் எனக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அதிலும் கூச்சக்காரன். காகிதம் என்றால் பரவாயில்லை, அது என் முகத்தைப் பார்க்காது.

நான் பிறந்து வளர்ந்து இன்றும் இருக்கிற லேன் கண்டி நகரத்துக்குள்ளேயே ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயர் சொன்னதால் பட்டது போதும். அறுபத்திரண்டு படிகள். ஓட்டோ ஏறாது, சைக்கிளைத் தோளில்தான் தூக்கிப் போக வேண்டும். படிகளின் இரண்டு பக்கமும் தகரக் கூரை வீடுகள். எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில், ஒரே ஒரு மாடி வீடு. அதில் இருந்தவரின் பெயரை லேனில் யாரும் வாயால் சொன்னதில்லை. 'மேல்வீடு' என்போம். 'மேல்வீட்டுல கோபமாம்', 'மேல்வீட்டுல சிரிப்பாம்' என்று, மழை வெயிலைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவோம். குடு, அதாவது போதைத் தூள் வியாபாரம்தான். சின்னச் சின்னப் பொட்டலமாக எங்கள் படிகளில் இறங்கி ஊருக்குள் போகும் அந்தத் தூள்.

அடிப்படியில் ஒரு லொத்தர் பெட்டி, லொத்தர்ச் சீட்டு விற்கிற சின்னக் கூண்டு. அதில் விமலே ஐயா உட்கார்ந்திருப்பார். நல்ல மனிதர், சிங்களவர், முன்பல் ஒன்று இல்லாதவர். லொத்தர் விற்றதைவிட விசில் அடித்ததுதான் அதிகம். நீளமாக ஒன்று என்றால் தெரியாத ஆள் ஏறுகிறார். குட்டையாக இரண்டு என்றால் பொலிஸ். அந்தப் பல் இடைவெளிதான் விசிலுக்குக் காரணம் என்று அம்மா சொல்வாள். மாடி வீடு வரை கேட்கும், அதற்கும் மேலே காட்டில் குரங்குக்கும் கேட்கும்.

அந்த விசில் மேல்வீட்டுக்கு அடித்ததுதான், ஆனால் அதன்படி வாழ்ந்தது நாங்கள்! இரண்டு குட்டை விசில் கேட்டதும் லேன் முழுவதும் ஒரே ஓட்டம். ஜன்னல் படார் படாரென்று சாத்தும். பானைகளுக்கு மூடி விழும். ஏனென்றால் ஓடுகிறவன் கையில் இருப்பதை எங்கே எறிவான்? திறந்திருக்கிற எதிலும் எறிவான். எதிர்வீட்டு மல்லிகா அக்காவின் அரிசி வாளிக்குள் ஒருமுறை ஒரு பொட்டலம் விழுந்தது. அவளுடைய புருஷன் அரிசியைத் தவிர வேறொன்றும் அறியாதவர். மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். வந்த பிறகு சோறு சாப்பிடவே பயந்தார், பாண்தான்.

கொடியில் காய்கிற சட்டையின் பையிலும் போட்டுவிட்டு ஓடுவார்கள். அதனால் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? என் சட்டைகள் எல்லாவற்றின் பைகளையும் மேல்வாயோடு சேர்த்துத் தைத்துவிட்டாள்! கறுப்பு நூலோ, வெள்ளை நூலோ, கைக்கு வந்த நூல். பல வருடங்கள் நான் பை இருந்தும் பை இல்லாத மனிதனாகத் திரிந்தேன்.

நூல் என்றதும் புதுத் துணியின் கஞ்சி மணம் வருகிறது. நான் நகரத்தில் ஒரு புடவைக் கடையில் சேலை மடிக்கிற வேலையில் இருந்தேன். அதற்கு முன்பு வேறொரு கடையில் வேலை கேட்டுப் போனபோது, எங்கே வீடு என்று கேட்டார்கள். லேன் பெயரைச் சொன்னேன். "அந்த லேனா... சரி, சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. ஆகவே புடவைக் கடையில் கேட்டபோது, "கட்டுகஸ்தோட்டைப் பக்கம்" என்று சொல்லிவிட்டேன்.

அதுதான் நான் செய்த பிழை. சின்னப் பொய்தான், ஆனால் தினமும் சாயந்திரம் அதற்குத் தீனி போட வேண்டியிருந்தது! ஏனென்றால் கூட வேலை செய்த மணியண்ணன் நிஜமாகவே கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருந்தார். வேலை முடிந்ததும், "வாடா தம்பி, ஒரே பஸ்ஸுதானே" என்று தோளில் கை போட்டுக் கூட்டிப் போவார். எனக்கு மறுத்துச் சொல்ல வாய் வராது. ஏறிவிடுவேன். அவர் இறங்குவதற்கு இரண்டு தரிப்பு முன்னால் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, வேறு பஸ் பிடித்து, வந்த வழியே திரும்பி வருவேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, நாலு வருடம்! அந்தத் தரிப்பில் கடலை விற்றவருக்கு நான் அங்கேயே குடியிருக்கிறேன் என்று நினைப்பு. தீபாவளிக்குப் பலகாரம் கேட்டார், கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மணியண்ணனின் சித்தப்பா மகள்தான் தனம். தெல்தோட்டையில் ஒரு தையல் கடையில் வேலை செய்தாள். "சிகரெட்டு இல்ல, சாராயம் இல்ல, வாயும் இல்ல. இதுக்கு மேல என்னா மாப்பிள்ள வேணும்?" என்று மணியண்ணன் என்னைப் பற்றி அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார். அம்மாவும் நானும் போய்ப் பெண் பார்த்தோம். நான் பார்த்தது பெரும்பாலும் தரையைத்தான். இருந்தாலும் தேத்தண்ணி கொடுக்கும்போது அவளுடைய விரல்களைப் பார்த்தேன். ஊசி குத்திய சின்னச் சின்னப் புள்ளிகள். அதிலேயே எனக்கு மனசு போய்விட்டது. இவள் கிடைக்க வேண்டும், கிடைக்க வேண்டும் என்று திரும்பி வரும் பஸ் முழுவதும் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். "விடுடா, கம்பி கையோட வந்துரும்" என்றாள் அம்மா.

அடுத்த வாரமே செய்தி வந்தது. பெண் வீட்டாருக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். எந்த வீட்டை? கட்டுகஸ்தோட்டை வீட்டை!

அம்மாவிடம் கேட்டேன், தெரிந்தவர் வீடு ஒன்றை ஒரு பின்னேரத்துக்கு அங்கே இரவல் வாங்கலாமா என்று. அம்மா அரிசி களைந்த தண்ணீரை என் காலடியில் ஊற்றினாள்.

"இரவல் வீட்டக் காட்டி எடுக்குற பொண்ண எந்த வீட்டுல கொண்டாந்து வைப்ப? போ, போயி உள்ளதச் சொல்லு."

வாயால் சொல்ல முடியவில்லை. கடையில் ஒரு பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். எங்கள் லேன் பெயரை முழுதாக, என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. மணியண்ணன் வாசித்தார். திருப்பி ஒருமுறை வாசித்தார்.

"இது ஒன் வீடா?"

தலையாட்டினேன்.

"அப்ப நாலு வருசமா என் கூட கட்டுகஸ்தோட்ட பஸ்ஸுல எதுக்குடா ஏறுன?"

"நீங்க கூப்பிட்டீங்க, அண்ணே."

அவர் அடிப்பாரோ என்று நினைத்தேன். சேலைக் கட்டு ஒன்றைத் தூக்கி மேசையில் போட்டார். "நான் போக வேண்டிய எடத்தச் சொல்லி அவங்களக் கூட்டிட்டு வாறேன். அந்த லேன் என்னா லேனுன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அவ கேட்டா நீ சொல்லு. சொல்லலன்னா நான் இந்தக் கல்யாணத்துல இல்ல."

இனி விசில் விஷயம். ஐந்தாறு பேர் புது ஆட்கள் படியேறும்போது விமலே ஐயா நீளமாக ஒன்று ஊதினால், லேன் முழுவதும் தலை நீட்டிப் பார்க்கும். என்ன விசில் என்று பெண் வீட்டார் கேட்பார்கள். ஆகவே வியாழக்கிழமை லொத்தர் பெட்டி முன்னால் போய் நின்றேன். இரண்டு லொத்தர் வாங்கினேன். மூன்றாவது வாங்கும்போதுதான் பேச்சு வந்தது.

"ஹா! கலியாணமா மல்லி?" என்று அவர் சத்தமாகச் சிரித்தார். மல்லி என்றால் அவர் சிங்களத்தில் தம்பி, ஹரி என்றால் சரி. "எத்தன பேர் வாறது? பொம்பள எத்தன? ஹரி, ஹரி. நான் ஊதுறது இல்ல. ஆனா மேல சொல்லணும் மல்லி. சொல்லாட்டி எனக்கு அடி."

மேலே சொல்லிவிட்டார். அதுதான் வந்தது வினை!

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்தால், படியெல்லாம் கூட்டித் தண்ணீர் தெளித்திருக்கிறது. வழக்கமாகப் படியில் குந்தியிருக்கிற ஆட்கள் ஒருவரையும் காணோம். எங்கள் வாசலில் எட்டு நீல நிறப் பிளாஸ்டிக் கதிரைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அழகாக! மேல்வீட்டு ஆள் ஒருவன் நின்று சொன்னான்: "பெரியவர் குடுத்தாரு. பின்னேரம் அவரும் வந்து ஒக்காருவாராம், நம்ம லேன் கல்யாணம்னு."

எனக்கு முதலில் ஒரே சந்தோஷம். உண்மையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு கதிரையும் ஒரு ஸ்டூலும்தான். எட்டுக் கதிரை! கும்பிட்டு உள்ளே எடுக்கப் போனேன். அம்மா குறுக்கே நின்றாள். அவன் போகும் வரை நகரவில்லை.

"மல்லிகா மக பெரியவளானப்ப இதே கதிரதான் வந்துச்சு" என்றாள் பிறகு மெதுவாக. "அடுத்த மாசம் அவ கட்டிலுக்கு அடியில ஒரு பை வந்துச்சு. வச்சிருங்கன்னாங்க. வச்சுக்கிட்டா. இன்னிக்கும் வச்சுக்கிட்டுத்தான் இருக்கா. நம்ம வீட்டுக்கு வர்ற புள்ள பைக்கு மேல படுக்கணுமா?"

கதிரையில் இருந்து கையை எடுத்தேன்.

"கொண்டு போயிக் குடுத்துட்டு வா. பாய் இருக்கு."

சொல்வது சுலபம்! மேல்வீட்டுக்கு யாரும் எதையும் திருப்பிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை. பத்து மணிக்குப் போகலாம் என்று நினைத்தேன். பதினொன்றுக்கு என்று நினைத்தேன். முகம் கழுவினேன், இன்னொரு முறை கழுவினேன். கடைசியில், பெண் வீட்டார் வரும் நேரம் இரண்டு மணி என்றால், ஒன்று ஐம்பதுக்குத்தான் கதிரைகளைத் தூக்கினேன். மேல்வீட்டுப் பெரியவர் இறங்கி வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்ற பயம் அப்போதுதான் கூச்சத்தை வென்றது. நாலைத் தலையில் வைத்தேன், மற்ற நாலையும் கையில் இழுத்துக்கொண்டு வாசலை விட்டு இறங்கினேன்.

அப்போது கீழே ஒரு விசில்! குட்டையாக ஒன்று கிளம்பி, பாதியில் நின்றுவிட்டது.

பாதி விசிலுக்கு என்ன செய்வது என்று லேனில் யாருக்கும் தெரியாது. ஜன்னல்கள் பாதி சாத்தின. பானைகள் பாதி மூடின. மல்லிகா அக்கா கொடித் துணியை இழுத்தவள், இழுத்த கையோடு நின்றாள். எட்டிப் பார்த்தேன். தனத்தின் தாய்மாமன்! தேயிலைத் தோட்டத்து வாச்சராக, அதாவது காவல்காரராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஒட்ட வெட்டிய முடி, காக்கிக் காற்சட்டை, மினுங்குகிற கறுப்புச் சப்பாத்து. பொலிஸ் என்று நினைத்து விமலே ஐயாவின் விரல் வாய்க்குப் போனதும், பின்னால் வாழைப்பழச் சீப்போடு பெண்கள் வருவதைக் கண்டு விசிலை விழுங்கியதும் எனக்குப் பிறகுதான் தெரியும். விழுங்கி, இருமி, பெட்டியைப் பிடித்துக்கொண்டாராம்.

மாமன் தோட்டத்து மலை ஏறிப் பழகிய ஆள். படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி எல்லோருக்கும் முன்னால் வந்தவர், தலையில் கதிரையோடு நிற்கிற என்னைக் கண்டார்.

"அடடே, மாப்பிள்ள தனியாத் தூக்குறாரே! குடுங்க, குடுங்க. எங்க வைக்கணும்?"

"மாமா, வேணாம்..."

"என்னா வேணாம்?" கையில் இருந்த நாலையும் பிடுங்கிக்கொண்டார். "மேலயா? நடங்க!"

நடந்தேன். வேறு என்ன செய்வது! முன்னால் நான், பின்னால் காக்கிக் காற்சட்டை மாமன். கீழே தனத்தின் அப்பா, அம்மா, அத்தை, மணியண்ணன், எல்லோருக்கும் கடைசியில் தனம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. "குடியிருக்கப் போறது நான்தானே" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். எல்லோரும் நிமிர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணியண்ணன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்திருந்தார்.

மேல்வீட்டு வாசலில் பெரியவர் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளை பெனியன். பக்கத்தில் இரண்டு பேர்.

"என்னா தம்பி, கதிர ஒடஞ்சு இருந்திச்சா?"

"இல்லைங்க."

"பத்தலயா?"

"இல்லைங்க." என் தலையில் இருந்த நாலையும் இறக்கி வைத்தேன். "வீட்டுல... பாய் இருக்குங்க."

அவ்வளவுதான் நான் சொன்னது. என் வாழ்நாளில் சொன்ன பெரிய பேச்சு அதுதான். அவருக்கு விளங்கிவிட்டது. பூவாளியை நிறுத்தாமல் என்னையே பார்த்தார், தொட்டி நிரம்பித் தண்ணீர் அவர் காலில் வழிந்தது. மாமனுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. கதிரைகளை இறக்கி வைத்து, கையைத் தட்டிக்கொண்டு, சந்தோஷமாகச் சொன்னார்: "நாங்க தரையில ஒக்காந்து பழகுன ஆளுங்க. ஒங்க நல்ல மனசுக்குப் போதுங்க."

பெரியவர் மாமனுடைய காக்கியைப் பார்த்தார். "அய்யா எங்க வேலை?"

"தோட்டத்துல வாச்சருங்க. முப்பது வருசம்."

"எத்தன கள்ளனப் புடிச்சீங்க?"

"எங்கங்க புடிக்கிறது! விசில் அடிப்பேன், ஓடிருவானுங்க."

பக்கத்தில் நின்ற இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிப் பார்த்தும் முடியவில்லை. "போங்க, போங்க" என்று பூவாளியை ஆட்டினார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மாமனின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அன்று பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

பாயில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, தனம் தண்ணீர்ச் செம்பை வைக்க வருவது போல வந்து என் சட்டையையே பார்த்தாள். தையல்காரி அல்லவா!

"பொக்கெட்ட ஏன் மூடித் தச்சிருக்கீங்க?"

மணியண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விசில், பொட்டலம், அரிசி வாளி, கட்டுகஸ்தோட்டை பஸ், கதிரை, பாய், எல்லாம். பெரியவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். மாமன் தன் காக்கிக் காற்சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். தனத்தின் அம்மா எழுந்தே விட்டார். "போவோம்" என்றார்.

தனம் எழவில்லை. கொடியில் காய்ந்த என் சட்டைகளை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"அப்ப துணி காயப் போட்டா பக்கத்துலயே நிக்கணும், என்னா?" என்றாள் என் அம்மாவிடம். பிறகு என்னிடம்: "தையல் ரொம்ப மோசம். நான் பிரிச்சுட்டு ஒழுங்காத் தச்சுத் தாரேன்."

அப்படித்தான் சம்மதம் சொன்னாள்!

மேல்வீடு சும்மா இருந்ததா என்று கேட்பீர்கள். மறுநாள் வேலை முடிந்து, முதல் தடவையாக நேராக எங்கள் லேனுக்கே பஸ் ஏறி வந்து இறங்கினேன். முதற்படியில் கால் வைத்தேன். நீளமாக ஒரு விசில்! திரும்பிப் பார்த்தேன், என்னைத் தவிர யாரும் இல்லை. விமலே ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மேல சொன்னது மல்லி. இனி நீ வந்தா ஊதச் சொன்னது."

பிறந்த லேனில் நான் தெரியாத ஆள். தினமும் ஜன்னல்கள் திறக்கும், தலைகள் நீளும், நான் அறுபத்திரண்டு படியில் பாதியைத் தலை குனிந்து ஏறுவேன். கூச்சக்காரனுக்கு இதைவிடத் தண்டனை வேறு என்ன! முதல் வாரம் அழுகையே வந்தது.

இரண்டாவது வாரம் கதவைத் திறந்தபோது தேத்தண்ணி தயாராக இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டு, ஆவி பறக்க. எப்படி அம்மா என்றேன். "அதான் கீழ ஊதுறாங்களே" என்றாள். விசில் கேட்டதும் கேத்தலை வைத்தால், நான் படியேறி வருவதற்கும் தண்ணி கொதிப்பதற்கும் சரியாக இருக்குமாம்! தனம் வந்த பிறகு அவளும் கற்றுக்கொண்டாள். நான் களைத்து மெதுவாக ஏறினால், "இன்னிக்கு ஆறிப்போச்சு" என்று கோபித்துக்கொள்வாள். விமலே ஐயாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மழை நாட்களில் நான் பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே ஊதிவிடுவார். தண்டனையை வேளைக்கே நிறைவேற்றினார், பாவம்.

இப்போது மேல்வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. வெளிநாடு போய்விட்டார் என்கிறார்கள் சிலர், ஜெயிலுக்குள்ளே இருக்கிறார் என்கிறார்கள் சிலர். லொத்தர் பெட்டி இருந்த இடத்தில் கமரா ஒன்று கம்பத்தில் இருந்து பார்க்கிறது. விமலே ஐயாவும் இல்லை, அம்மாவும் இல்லை. வியாபாரம் மட்டும் போகவில்லை. ஃபோனில் கூப்பிட்டால் மோட்டார் சைக்கிளில் வருகிறதாம், சத்தமே இல்லாமல், நல்ல பெயருள்ள தெருக்களுக்கும்கூட. எப்போது மூடி போடுவது, எப்போது ஜன்னல் சாத்துவது என்று இப்போது யாருக்குத் தெரியும்? தனம் இன்றும் எல்லாப் பானையையும் மூடித்தான் வைக்கிறாள்.

போன சனிக்கிழமை அந்த விசிலைக் கேட்டுவிட்டு, மண் தட்டிய பாணோடு வந்து முதற்படியில் நின்றேன். யாரும் இல்லை. கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு விரலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். காற்றும் கொஞ்சம் எச்சிலும்தான் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அறுபத்திரண்டு படியில் என் பங்கை ஏறி, கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்றாள் தனம் உள்ளே இருந்து.

நான் என்று சொன்ன பிறகுதான் கேத்தலை அடுப்பில் வைத்தாள்.